சும்மா கத்தாது

அக்காவுக்கு முன்னால் யாரும் "அது சும்மா" என்று சொல்லிவிட முடியாது. சாப்பாட்டு அறையில் ஐஸ்பெட்டி உறுமினாலும் சரி, பக்கத்துப் பட்டறை நாய் விடாமல் குரைத்தாலும் சரி, "அது சும்மா லா அக்கா" என்று நாங்கள் சொல்லுவோம். அவர் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். "எதுவும் சும்மா கத்தாது தங்கச்சி" என்பார். எழுந்து போய்ப் பார்ப்பார். அவர் திரும்பி வரும்வரை எங்களுக்கு வேலை ஓடாது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரோடு வேலை செய்த காலத்தில் அவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பாம்புச் செவி உள்ளவர் பக்கத்து நாற்காலியில் இருந்தால் மூக்கை உறிஞ்சுவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கும். இப்போது அவரை நினைத்தால் எரிச்சல் வருவதில்லை. வெட்கம் வருகிறது. ஆறு வருடமாக வருகிறது.

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், காருக்குச் சாயம் அடிக்கும் பட்டறைக்கும் பிஸ்கட் கிடங்குக்கும் நடுவில் இருந்தது எங்கள் சோதனைக்கூடம். மொத்தம் பன்னிரண்டு பேர். வானத்துக்குப் போகிற காமா கதிர்த் தொலைநோக்கிக்கான சிலிக்கான் சென்சார்களைச் சோதித்துக் கொடுப்பது வேலை. யாரோ ஒரு நாட்டில் வரைந்து, இன்னொரு நாட்டில் செய்து, எங்களுக்கு அனுப்புவார்கள். தபால்தலை அளவுக்கு ஒரு தகடு. அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்தால் அங்கிருந்து கிளம்புகிற காமா கதிர் இந்தத் தகட்டில் படும்போது, பட்ட கட்டத்தில் மட்டும் ஒரு சின்ன மின்துடிப்பு உண்டாகும். தொலைநோக்கிக்குள் இப்படிப்பட்ட தகடுகளை அடுக்கடுக்காக வைப்பார்கள். எந்த அடுக்கில் எந்தக் கட்டம் துடித்தது என்று தெரிந்தால், கதிர் வானத்தின் எந்த மூலையிலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

தொல்லை என்னவென்றால், கதிர் எதுவும் படாமலேயே சில கட்டங்கள் துடிக்கும். அதை நாங்கள் சத்தம் என்போம். சத்தம் போடுகிற கட்டத்தைக் கணினியில் ஒரு கட்டளை கொடுத்து அடக்கிவிடலாம். அதன் பிறகு அது என்ன சொன்னாலும் பதிவாகாது. அக்கா அதற்கு வைத்திருந்த பெயர் "வாய கட்டுறது". ஒரு தகட்டில் இத்தனை கட்டத்துக்கு மேல் வாயைக் கட்டக்கூடாது என்று விதி உண்டு. அந்த அளவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம் என்பது எங்கள் வழக்கம். அக்கா ஒன்றைக் கட்டுவதற்குள் அரை நாள் போய்விடும்.

அவர் பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில், கூலி வேலைக்காரர் வீட்டில் பிறந்தவர். படிப்பு ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தோடு சரி. கமுந்திங் தொழிற்சாலைகளில் இருபது வருடம் நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணை வைத்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். மேலங்கிக்கு உள்ளே ஒரு சின்ன வெள்ளிச் சிலுவை தொங்கும். நான் பௌதிகப் பட்டதாரி, பதவி இஞ்சினியர், தாளின்படி அவர் எனக்குக் கீழே. தாள் சொன்னதை நாங்கள் இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் முதல் வேலையாகத் தகட்டின் எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை வரிசையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதை அவர் பெரட்டு என்பார். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு அந்தப் பெயர். "பெரட்டு முடிஞ்சிருச்சி, மூணாம் நெரையில ஒருத்தி மட்டம்" என்று அவர் சொன்னால், மூன்றாவது வரிசையில் ஒரு கட்டம் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விஞ்ஞானிக்கு நான் இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மனுஷன் சிரிக்காமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஒருமுறை தினமும் காலை பத்தேகாலுக்கு ஒரு தகட்டில் பன்னிரண்டு கட்டங்கள் சேர்ந்து கூச்சல் போட்டன. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். நான் பன்னிரண்டின் வாயையும் கட்டச் சொன்னேன். அக்கா கட்டவில்லை. மூன்று நாள் பத்து மணிக்கு அந்தச் சோதனைப் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சென்சாருக்கு வெளிச்சமும் கதிர் மாதிரிதான், பட்டால் துடிக்கும். அதனால் அதை வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் சோதிப்போம். நான்காம் நாள் அவர் எழுந்துபோய்ப் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு திருகாணி விழுந்து ஓட்டையாக இருந்தது. பத்தேகாலுக்கு மேல்சன்னல் வழியாக வருகிற வெயில் நேராக அந்த ஓட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு நாடாவைக் கிழித்து ஒட்டினார், பன்னிரண்டும் வாயை மூடிக்கொண்டன. அடுத்த தகட்டை எடுக்கப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனத்தை ஆற்றியிருப்பேன்.

மனிதர்களையும் அவர் இப்படித்தான் கேட்டார். அதுதான் சிக்கல். எங்கள் கூடத்தைத் துப்புரவு செய்ய இந்தோனேசியாவிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். மாதக்கணக்காக இருமினாள். நாங்கள் இருமல் மிட்டாய் கொடுத்தோம். அக்கா ஒரு நாள் துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்திவிட்டு அவளைத் தம் காரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காசநோய் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். கூடவே அவள் வேலை அனுமதித் தாள்களைப் பார்த்தார்கள், தாள்கள் சரியில்லை. மருந்துக் காலம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா செய்தது நல்லதா கெட்டதா என்று சாப்பாட்டு அறையில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. நான் கெட்டது என்ற கட்சியில் இருந்தேன். அக்கா காதில் விழட்டும் என்றுதான் அப்படிப் பேசினேன். விழுந்தது. அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றார்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் கூடத்துக்குக் கெட்ட காலம் வந்தது. பலூனில் கட்டி வானத்துக்கு ஏற்றிப் பார்ப்பதற்காக எட்டுச் சென்சார்கள் வந்திருந்தன. அதற்கு முந்தைய தொகுதியில் இரண்டை நாங்களே சோதனையில் கெடுத்திருந்தோம். இந்த எட்டும் மாதம் முடிவதற்குள் தேறிப் போகாவிட்டால் வேலையை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்தது. வேறு வேலை எங்கள் கூடத்துக்கு இல்லை. பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

புந்தோங்கில் எங்கள் வீட்டில் நான் இதைச் சொல்லி அழுதேன். அம்மா மறுநாளே கோயிலுக்குப் போய் என் பேருக்கு அர்ச்சனை செய்து ஒரு பெரிய பொட்டலம் திருநீறு கொண்டுவந்தார். "தெனமும் அந்த மெஷின் மேல கொஞ்சம் பூசும்மா, எல்லாம் சரியா வரும்" என்றார். எங்கள் ஆட்கள் லாரியில், பஸ்ஸில், தையல் மெஷினில் பூசுவார்கள். தப்பாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் எங்கள் அறைக்குள் தூசி ஒரு துகள் நுழையக்கூடாது, பூசுவது எங்கே. அதனால் பொட்டலத்தை அப்படியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினேன். யாரும் இல்லாத சமயம் பார்த்துக் கறுப்புப் பெட்டிக்குள், சென்சார் உட்காருகிற இடத்துக்கு அடியில், கறுப்புத் துணியைத் தூக்கி இடது பக்கமாகச் சொருகினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். பௌதிகத்தில் முதல் வகுப்பு வாங்கியவள்.

மறுநாள் முதல் சென்சார் ஏறியது. அக்கா பெரட்டு எடுத்தார். எல்லோரும் ஆஜர். அதன் பிறகு எதையும் காட்டாமல் சும்மா இருட்டில் வைத்துக் கேட்கும் சோதனை. இடது மூலைக் கட்டங்கள் துடித்தன. அடிக்கடி இல்லை, விட்டுவிட்டு. ஆனால் இருட்டில் இருக்க வேண்டியதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். இரண்டாவது சென்சாரிலும் அதே. மூன்றாவதிலும் அதே. வாயைக் கட்டிவிடலாம், விதிக்குள்தான் வருகிறது, அனுப்பிவிடலாம் என்றார் மேலாளர். நல்ல மனுஷன்தான், அவருக்கும் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. நானும் கட்டலாம் என்றேன். அக்கா முடியாது என்றார். ஒவ்வொரு நாளும் எங்களுக்கு ஒரு நாள் குறைந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு அறையில் யாரும் அவரோடு உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மழை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் என் மேசைக்கு வந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார், ரெண்டு நாளா உன் நடை சரியில்லையே, அப்பாவுக்கு ஏதும் முடியலையா என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்றேன். அவர் மூன்று தாள்களை என் முன்னால் பரப்பினார்.

"மூணு பேருக்கும் ஒரே எடத்துல வலி. அப்ப வலி அவங்களோடது இல்ல லா. பொட்டிக்குள்ள ஏதோ இருக்கு. கதிர் குடுக்குற சாமான். திங்கக்கெழம காலையில பொட்டிய பிரிச்சிப் பாத்துரலாம்."

அவர் போனபின்தான் எனக்கு உறைத்தது. திருநீறு என்பது சாணத்தைச் சுட்ட சாம்பல். மாடு தின்ற புல்லில் இருக்கிற பொட்டாசியம் எங்கும் போவதில்லை, சாம்பலில்தான் தங்குகிறது. பொட்டாசியத்தில் ஒரு துளி இயற்கையாகவே கதிர் வீசும். வாழைப்பழத்திலும் உண்டு, நம் உடம்பிலும் உண்டு, யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அடியில் ஒரு பொட்டலம் நிறையச் சாம்பலை வைத்துவிட்டு, கதிரைக் கேட்பதற்கென்றே செய்த தகட்டை மேலே வைத்தால் அது கேட்கத்தானே செய்யும். இரண்டாம் வருடப் பாடம். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கு ஆன கதை என்பார்கள், நான் குரங்கைப் பிடித்துக் கும்பிட்டும் வைத்திருக்கிறேன்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அக்கா திட்டியிருக்க மாட்டார். சிரித்திருப்பார் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் வெளிநாட்டுக்கு அறிக்கை போக வேண்டும், அதில் காரணம் எழுத வேண்டும். இஞ்சினியர் சென்சாருக்கு அடியில் கோயில் சாம்பலை வைத்தாள் என்று எழுதுவார்கள். தோட்டத்துப் புத்தி போகவில்லை என்பார்கள். ஒரு நாளில் நாலு வருடத்துத் தூக்கம் கெட்ட படிப்பு கேலிப் பேச்சாகிவிடும். இரண்டு நாள் யோசித்தேன். திங்கட்கிழமை காலை யாரும் வருவதற்கு முன்பே போய்ப் பொட்டலத்தை எடுத்தேன். மதியம் கிந்தா ஆற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தித் தண்ணீரில் போட்டேன்.

அன்று காலை எட்டு மணிக்கு அக்கா வந்து பெட்டியைப் பிரித்தார். துணியை எடுத்தார், தட்டை எடுத்தார், ஒவ்வொரு திருகாணியையும் எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஒன்றும் இல்லை. திரும்பப் பூட்டி முதல் சென்சாரை வைத்தார். இடது மூலை அமைதி. மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எல்லாம் அமைதி. மற்றவர்கள் கை தட்டினார்கள். அக்கா மட்டும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருந்த ஒன்று எப்படி இல்லாமல் போகும் என்று மேலாளரைக் கேட்டார், என்னைக் கேட்டார், கடைசியில் பெட்டியையே கேட்பதுபோல் முணுமுணுத்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் பழைய மூன்று பதிவுகளுக்கு விளக்கம் கேட்டார்கள். இருந்தது, பிறகு இல்லை என்று எழுதினால் எட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு காரணம் வேண்டும். மேலாளர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். சென்சாரைச் சரிபார்க்க எங்களிடம் அமெரிசியம் என்கிற கதிர்வீச்சுப் பொருள் ஒரு சின்ன வில்லையில் இருந்தது. வேலை முடிந்ததும் ஈயப்பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி அக்காவிடம். அக்கா அதைக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டார், பிறகு தன்னை அறியாமலே எடுத்து ஈயப்பெட்டியில் வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். கதிர்வீச்சுப் பொருளை வெளியே விடுவது உரிமத்தையே பறிக்கிற குற்றம். ஒருவர் மேல் நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று காட்டினால் கூடம் தப்பும்.

கூட்ட அறையில் நாலு பேர் இருந்தோம். அக்கா தாள்களோடு வந்திருந்தார். அமெரிசியத்தின் துடிப்பு எல்லாம் ஒரே உயரத்தில் வரும், மூலையில் வந்ததோ சின்னதும் பெரியதுமாகக் கண்டபடி இருந்தது, இது அமெரிசியம் இல்லவே இல்லை என்று மலாயில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் சரி. முதலாண்டு மாணவன் பார்த்தால்கூடத் தெரியும். மேலாளர் என்னைப் பார்த்தார். அக்காவும் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தங்கச்சி. நீதான படிச்சவ."

நான் தாளைப் பார்த்தேன். வெகுநேரம் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"உறுதியா சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். கதிர்வீச்சுப் பொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதால் நீக்கம் என்று தாளில் எழுதி, அவர் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் போட்டார்கள். அவர் அழவில்லை, யாரையும் ஏசவில்லை. மேலங்கியை மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்து காதோடு சொன்னது இதுதான்: "அது எங்கயும் போயிருக்காது. நீ தேடு. அதுங்க மேல ஏறிப் போறதுக்குள்ள தேடிரு, என்னா." வேலை போன அன்றைக்கும் அவருக்குச் சென்சாரைப் பற்றித்தான் கவலை. நான் தலையாட்டினேன்.

எட்டும் தேறின. பலூனில் ஏறி நல்லபடியாகக் கதிரைக் கண்டுபிடித்தன. கூடம் பெரிதானது, இப்போது நாற்பது பேர். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பதவி உண்டாக்கினார்கள். அது எனக்குத்தான். ஈயப்பெட்டிச் சாவி என் மேசையில் இருக்கிறது.

ஆறு வருடம் கழித்துப் போன வாரம் அக்கா கூப்பிட்டார். குரலை வைத்து எனக்குத் தெரியவில்லை, அவரேதான் யாரென்று சொன்னார். கமுந்திங்கில் புதிதாக ஒரு சென்சார் தொழிற்சாலை ஆள் எடுக்கிறதாம், வயது பார்க்கவில்லையாம், வெள்ளிக்கிழமை நேர்முகம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பாதுகாப்புக் குற்றத்துக்காக எங்கிருந்தாவது நீக்கப்பட்டிருக்கிறீர்களா. இதற்கு முன் இரண்டு இடத்தில் அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிட்டாராம். நான் கவனமான ஆள் என்று மட்டும் ஒரு வரி எழுதிக் கொடுப்பாயா, உன் பதவிக்கு மதிப்பு இருக்குமே என்று கேட்டார். கெஞ்சுகிற குரல். அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. நேரில் வாரேன்க்கா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹுத்தான் மெலிந்தாங் போனேன். ஆற்றோரம் ஒரு கொட்டகையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியது ஒரு கூடையில், சின்னது ஒரு கூடையில். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் வீங்கியிருந்தன. மயிரிழை தடிமனுள்ள கம்பியைப் பிடித்துச் சென்சாரில் ஒட்டிய விரல்கள். கையைத் துடைத்துவிட்டு எனக்கு ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். அப்பா எப்படி என்று கேட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். பொட்டலம், துணி, திங்கட்கிழமை, பாலம், எல்லாம்.

அவர் ஓர் இறாலை எடுத்துச் சின்னக் கூடையில் போட்டார். பிறகு கேட்டார்.

"எந்தப் பக்கம் வெச்ச?"

"எடது பக்கம்."

"எத்தன கிராம் இருக்கும்?"

ஒரு கையளவு, நூறு இருக்கலாம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கண்ணைத் திறந்தபோது அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது, சத்தியமாக மலர்ந்தது. பிறகுதான் உடைந்தது.

"சரியாத்தான் வருது" என்றார். "நான் எனக்கு மண்ட கொழம்பிருச்சின்னு நெனச்சிட்டேன் தங்கச்சி. எல்லாரும் சொல்லச் சொல்ல, நாந்தான் மறந்து வெச்சிருப்பேன்னு நானே நம்பிட்டேன். கோயில்ல ஃபாதர்கிட்ட முட்டி போட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். என் கவனக்கொறவால பதினோரு பேரு சோத்துல மண்ணு விழப் பாத்துச்சின்னு சொல்லி அழுதேன். அது மனசுல ஆற மூணு வருசம் ஆச்சி."

செய்யாத குற்றத்துக்கு அவர் முழந்தாளிட்டிருக்கிறார். செய்த நான் அந்த மூன்று வருடமும் போனஸ் வாங்கியிருக்கிறேன். கொட்டகையில் வேலை செய்த மற்றப் பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. மன்னிச்சிருங்கக்கா என்று சொன்னேன்.  அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து நான் எழுதிக் கொண்டுபோயிருந்த தாளை எடுத்து நீட்டினேன். மிகவும் கவனமானவர், பொறுப்பானவர் என்று கூடத்தின் முகவரிபோட்ட தாளில் எழுதி முத்திரை குத்தியிருந்தேன். அவர் ஈரக்கையால் வாங்காமல் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"இது வேணாம். நடந்தத எழுது. எம்பேரு போடு, உம்பேரு போடு. வெள்ளிக்கெழம நான் அதக் காட்டணும்."

எழுதறேன்க்கா என்றேன். கிளம்பும்போது ஒரு பையில் இறாலை ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. வீட்டில் அம்மா அதைச் சம்பால் வைத்தார். நல்ல இறால், யார் கொடுத்தது என்று கேட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமையிலிருந்து இதைத்தான் எழுதுகிறேன். என் பெயரைப் போட்டால் பாதுகாப்பு அதிகாரி பதவி போகும், உரிமத்தை மறுபடி விசாரிப்பார்கள், அடுத்து வந்திருக்கிற பெரிய தொலைநோக்கி வேலையும் ஆட்டம் காணும். அப்பாவுக்கு இன்னமும் வாரம் மூன்று நாள் ஓடுகிறது. இதெல்லாம் சாக்கு இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சாக்குத்தான். அவருக்கு ஐம்பத்து நாலு வயது, இனி இப்படி ஓர் அழைப்பு வராது. ஒரு வரியில் முடிகிற விஷயம், இன்னார் குற்றமற்றவர், வைத்தது நான், இப்படிக்கு இன்னார். அந்த ஒரு வரியைச் சுற்றிச் சுற்றித்தான் இத்தனையும் எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "தங்கச்சி, எழுதிட்டியா? நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் உள்ள போகணும்."

எழுதிட்டேன்க்கா என்று பதில் போட்டேன். பொய்யில்லை. எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.